தடை எழுந்த இடத்தில் வம்சம்: தமிழ்க் கத்தோலிக்கரின் திருமணப் பதிவேடுகளும் மூதாதையர் தேடலும்

1. கேள்வி

தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்களில் பூர்வீகம் தேடுவோர் முதலில் போய் நிற்கும் இடம் பங்குக் கோயில் அலுவலகம். ஞானஸ்நான ஏடு, திருமண ஏடு, அடக்க ஏடு ஆகிய மூன்றும் அங்கே இருக்கின்றன. தேடுவோரில் பலர் ஞானஸ்நான ஏட்டையே நம்புகின்றனர். பிள்ளையின் பெயர், பெற்றோர் பெயர், ஞானத்தாய் தந்தையர் பெயர் எல்லாம் அதில் இருப்பதால் அந்த நம்பிக்கை இயல்பானது. திருமண ஏடு, தாத்தாவுக்கு எந்த ஆண்டில் கலியாணம் நடந்தது என்று சரிபார்க்கும் துணைச் சான்றாக மட்டும் புரட்டப்படுகிறது.

ஒரு பங்கின் பழைய திருமணப் பதிவேடு ஒரு குடும்பத்தின் வம்சாவளியை எந்த அளவுக்கு நிறுவும்? இக்கட்டுரை இந்த ஒரு கேள்வியை மட்டும் ஆராய்கிறது. என் முடிவு இரண்டு பகுதிகள் கொண்டது. முதலாவது, திருமணப் பதிவேடு தனித்து நின்று எந்த வம்சாவளியையும் நிறுவாது. இரண்டாவது, தமிழ்க் கத்தோலிக்கரைப் பொறுத்தவரை அந்த ஏட்டில் மற்ற ஏடுகளில் கிடைக்காத ஒரு தகவல் இருக்கிறது. உறவுக்குள் பெண் எடுக்கும் தமிழ் வழக்கமும், உறவுக்குள் மணம் கூடாது என்ற திருச்சபைச் சட்டமும் மோதிய இடத்தில், மணமக்களின் முன்னோர் யார் என்ற கேள்வி கேட்கப்பட்டது. அதன் விடை எழுத்தில் ஏறியது. விதிவிலக்குக் குறிப்பு என்ற அந்த ஒற்றை வரியே வம்சாவளி தேடுவோருக்கு ஏட்டின் மிக மதிப்புள்ள வரி.

2. இதுவரையான புரிதல்

பங்கு ஏடுகளை வரலாற்றுச் சான்றாக்கும் முறையைச் செம்மைப்படுத்தியவர்கள் பிரெஞ்சு மக்கள்தொகை வரலாற்றாளர்கள். மிஷேல் ஃப்ளூரியும் லூயி ஆன்ரியும் 1956இல் வெளியிட்ட கையேடு, தேவாலயப் பதிவுகளிலிருந்து குடும்பங்களை மறுபடி கட்டியெழுப்பும் வழியை வகுத்தது. அதில் ஒவ்வொரு குடும்ப அட்டையும் ஒரு திருமணப் பதிவில் தொடங்கும். பிள்ளைகளின் ஞானஸ்நானமும் பெற்றோரின் அடக்கமும் அதன் கீழ் வந்து சேரும். நார்மண்டியின் க்ரூலே என்ற ஊரைப் பற்றிய ஆய்வு 1958இல் இம்முறையில் வெளிவந்தது. இங்கிலாந்தின் டெவன் பகுதியிலுள்ள காலிட்டன் ஊருக்கு வரலாற்றாளர் ரிக்லி 1966இல் இதையே பொருத்திக் காட்டினார்.

இம்முறை ஒரு முன்நிபந்தனையின் மேல் நிற்கிறது: தலைமுறை தோறும் மாறாமல் வரும் குடும்பப் பெயர். தமிழகத்தின் பெரும்பகுதியில் அது இல்லை. தந்தையின் பெயரே மகனுக்கு முன்னொட்டு. அடுத்த தலைமுறையில் அந்த முன்னொட்டும் மாறிவிடுகிறது. ஆகவே ஐரோப்பிய முறையை அப்படியே எடுத்துக்கொள்ள வழியில்லை.

தமிழ்க் கிறித்தவச் சமூகத்தைப் பற்றிய ஆய்வுகள் வேறு திசையில் சென்றன. சூசன் பெய்லியின் 1989ஆம் ஆண்டு நூலும் ஆ. சிவசுப்பிரமணியனின் ‘கிறித்தவமும் சாதியும்’ நூலும் டேவிட் மாஸின் 2012ஆம் ஆண்டு நூலும் மதமாற்றம், சாதி, கோயில் மரியாதை, அதிகாரம் ஆகியவற்றை விரிவாகப் பேசுகின்றன. உறவுமுறையைத் தாமஸ் டிரவுட்மன் 1981இல் ‘திராவிட உறவுமுறை’ என்ற பொருளில் எழுதிய நூல் முறையாக வகுத்துக் காட்டியது. ஏடுகளைப் படிக்கும் முறையையும் உறவுமுறை பற்றிய அறிவையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால்தான் திருமணப் பதிவின் முழு மதிப்பும் தெரியும். அதுவே இக்கட்டுரையின் முயற்சி.

3. ஏடு எதற்காக எழுதப்பட்டது

திரெந்து பொதுச்சங்கம் 1563 நவம்பரில் நிறைவேற்றிய ஆணை, பங்குக் குருவும் இரண்டு மூன்று சாட்சிகளும் முன்னிலையில் இல்லாத மணம் செல்லாது என்றது. மூன்று திருநாள்களில் தொடர்ந்து ஓலை (திருமண அறிவிப்பு) வாசிக்க வேண்டும் என்றும், மணமக்கள் பெயர், சாட்சிகள் பெயர், நாள், இடம் ஆகியவற்றைக் குரு ஒரு புத்தகத்தில் எழுதிவைக்க வேண்டும் என்றும் விதித்தது. பெற்றோர் பெயரை எழுத வேண்டும் என்று அந்த ஆணை கேட்கவில்லை. 1614இல் திருத்தந்தை ஐந்தாம் பவுல் வெளியிட்ட ரோமைச் சடங்கு நூல்தான் பதிவுக்கு மாதிரி வாசகம் தந்தது. இன்னார் மகன், இன்னார் மகள் என்ற தொடர் அதன் வழியே நிலைபெற்றது. ஞானஸ்நானம், உறுதிபூசுதல், திருமணம், பங்கு மக்களின் நிலை, இறப்பு என ஐந்து ஏடுகள் வேண்டும் என்றும் அந்நூல் வரையறுத்தது.

இந்த வரலாறு ஒன்றை விளக்குகிறது. மணம் செல்லுபடியாகும் என்பதற்குச் சான்று வைப்பதே ஏட்டின் நோக்கம். வம்சாவளி அதன் நோக்கத்தில் இல்லை. செல்லுபடியைப் பாதிக்கும் செய்தி கவனமாக எழுதப்பட்டது. பாதிக்காத செய்தி எழுதுபவரின் பழக்கத்துக்கு விடப்பட்டது. மணமகன் கைம்பெண்ணை மணந்தாரா, முதல் மனைவி இறந்துவிட்டாரா என்பவை தவறாமல் இருக்கும். தொழிலும் வயதும் சிலர் எழுதிய பதிவுகளில் மட்டும் இருக்கும். அந்த வயதையும் அப்படியே ஏற்க முடியாது. பழைய திருச்சபைச் சட்டம் பெண்ணுக்கு 12, ஆணுக்கு 14 என்று வைத்திருந்த கீழ்வரம்பை 1917ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு 14, 16 என்று உயர்த்தியது. வரம்பைச் சற்றே தாண்டி நிற்கும் வயதுகளை ஐயத்தோடுதான் பார்க்க வேண்டும்.

அரசுச் சட்டமும் இதே ஏட்டைத் தொட்டது. 1872ஆம் ஆண்டின் இந்தியக் கிறித்தவத் திருமணச் சட்டம், கத்தோலிக்கக் குருக்கள் தம் ஆயர் வகுத்த படிவத்தில் பதிந்து, காலாண்டுக்கு ஒருமுறை அரசுப் பதிவாளருக்கு நகல் அனுப்ப வேண்டும் என்றது. பங்கு ஏடு கரையானுக்கு இரையான இடங்களில் இந்த நகலைத் தேடிப் பார்ப்பது பயன் தரும். அந்தச் சட்டத்தின் பின்னிணைப்பிலுள்ள பொதுப் படிவத்தில் தந்தை பெயருக்கு மட்டுமே கட்டம் உண்டு. இங்கிலாந்தின் 1837ஆம் ஆண்டுப் படிவத்தின் சாயல் அது. அங்கே தாயின் பெயர் திருமணப் பதிவில் ஏறியது 2021இல்தான். தந்தை தாய் இருவர் பெயரையும் எழுதிய கத்தோலிக்க ஏடுகள் இந்த வகையில் தேடுவோருக்கு அதிகம் தருகின்றன. திருவிதாங்கூர் சமஸ்தானம் 1872ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு வெளியே இருந்ததால், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில் பூர்வீகம் தேடுவோர் அந்த நகல்களை எதிர்பார்க்க முடியாது.

4. பெயர் என்ற சிக்கல்

ஏட்டின் மொழி பெரும்பாலும் லத்தீன். மணமக்களின் பெயரும் லத்தீனில் மாறியிருக்கும். சூசை யோசேஃபுஸ் ஆவார், இராயப்பன் பேத்ருஸ் ஆவார், சின்னப்பன் பவுலுஸ், ஞானப்பிரகாசம் அலோய்சியுஸ், தேவசகாயம் லாசருஸ். இந்த மாற்றம் ஒன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் நடந்திருந்தால் சிக்கல் இல்லை. யாகப்பனும் சந்தியாகுவும் லத்தீனில் ஒரே யாக்கோபுஸ்தான். யோவான்னஸ் என்று எழுதப்பட்டவர் வீட்டில் அருளப்பனாகவும் இருந்திருக்கலாம், அருளானந்தனாகவும் இருந்திருக்கலாம். ஒரே ஊரில் ஒரே தலைமுறையில் யாக்கோபுஸ் மகன் யோசேஃபுஸ் என்று இரண்டு மூன்று பேர் வந்தால், எவர் தம் முன்னோர் என்று பெயரை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

முத்துக்குளித்துறையில் நிலைமை வேறு. 1535 முதல் 1537 வரையிலான ஆண்டுகளில் திருமறையில் சேர்ந்த பரதவர், போர்த்துகீசியக் குடும்பப் பெயர்களை ஏற்றனர். பர்னாந்து, மோத்தா, கோஸ்தா, வாஸ், கொரேரா, ரோச் போன்ற பெயர்கள் இன்றும் தொடர்கின்றன. குடும்பப் பெயர் இருப்பதால் ஐரோப்பிய முறை இங்கே செல்லும் என்று தோன்றலாம். ஆனால் மிகச் சில பெயர்களுக்குள் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அடங்கியுள்ளன. தொடர்பே இல்லாத இரு குடும்பங்கள் தொடக்கத்திலேயே ஒரே பெயரைப் பெற்றிருக்க முடியும். பர்னாந்து என்ற பெயர் இருவருக்கும் பொது என்பதால் இருவரும் ஒரே வம்சம் என்று சொல்வது சான்று ஆகாது. பெயர் இல்லாத இடத்திலும் பெயர் குவிந்த இடத்திலும் முடிவு ஒன்றுதான்: தமிழக ஏடுகளில் பெயரைத் தவிர வேறு ஒரு பிடி வேண்டும்.

5. விதிவிலக்குக் குறிப்பு என்ற பிடி

அந்தப் பிடியைத் தருவது இரத்த உறவுத் தடை. 1215ஆம் ஆண்டின் நான்காம் லாத்தரன் சங்கம் முதல், நான்காம் படி வரையிலான உறவினர் மணந்துகொள்வது தடுக்கப்பட்டிருந்தது. படி என்பது பொது முன்னோரிடமிருந்து இறங்கிவரும் தலைமுறைக் கணக்கு. ஒரே தாத்தா பாட்டியின் பேரப்பிள்ளைகள் இரண்டாம் படி. கொள்ளுப்பேரப்பிள்ளைகள் மூன்றாம் படி. தமிழ் வழக்கிலோ மாமன் மகளும் அத்தை மகளும் முறைப்பெண்கள். பல சமூகங்களில் அக்காள் மகளும் அப்படியே. ஊரார் உரிமை என்று கருதியது சட்டத்துக்குத் தடை. இரண்டையும் இணைக்க விதிவிலக்கு தேவைப்பட்டது. அதைப் பெறுமுன் உறவின் படியை விசாரிக்க வேண்டியிருந்தது. விசாரணையின் முடிவு பதிவில் இடம்பெற்றது.

இது எப்படிப் பயன்படும் என்பதை ஓர் எடுத்துக்காட்டால் காட்டலாம். பெயர்கள் விளக்கத்துக்காகச் சேர்த்தவை. மணமகன் சூசை, தந்தை யாகப்பன், தாய் மரியாள். மணமகள் அன்னம்மாள், தந்தை அருளப்பன், தாய் செபஸ்தியாள். பதிவின் கடைசியில், இரண்டாம் படி இரத்த உறவுக்கு விதிவிலக்கு பெறப்பட்டது என்று ஒரு வரி.

அந்த வரி நான்கு வாய்ப்புகளை வைக்கிறது. தந்தையர் இருவரும் உடன்பிறந்தோர். அல்லது தாயர் இருவரும் உடன்பிறந்தோர். அல்லது மரியாளும் அருளப்பனும் உடன்பிறந்தோர். அல்லது யாகப்பனும் செபஸ்தியாளும் உடன்பிறந்தோர். திருச்சபைச் சட்டத்துக்கு நான்கும் ஒரே படி. தமிழ் உறவுமுறையில் முதல் இரண்டும் அண்ணன் தங்கை முறை. அங்கே கலியாணப் பேச்சே எழாது. எஞ்சுபவை இரண்டு: அன்னம்மாள் சூசைக்கு மாமன் மகள், அல்லது அத்தை மகள்.

இனி அடுத்த மேல்தலைமுறையின் திருமணப் பதிவுகளைத் தேடலாம். மாமன் மகள் என்றால், மரியாளின் திருமணப் பதிவிலும் அருளப்பனின் திருமணப் பதிவிலும் ஒரே பெற்றோர் பெயர் இருக்க வேண்டும். அத்தை மகள் என்றால், யாகப்பனின் பதிவும் செபஸ்தியாளின் பதிவும் அப்படிப் பொருந்த வேண்டும். பெயர், ஊர், இருவரின் தலைமுறைக் கால இடைவெளி மூன்றும் ஒத்துவந்தால், இரண்டு யாக்கோபுஸ்களில் எவர் என்ற குழப்பம் பெரும்பாலும் தீரும். வெறும் பெயர்ப் பொருத்தத்தில் இல்லாத வலிமை இதற்கு உண்டு. ஏட்டின் ஒரு பக்கம் முன்வைத்த உறவை இன்னொரு பக்கம் தனியாக உறுதிசெய்கிறது. பெண் கொடுத்துப் பெண் எடுத்த குடும்பங்களில் இரண்டு வாய்ப்பும் ஒருசேர உண்மையாக இருக்கலாம். அப்போது தடையும் இரட்டிப்பாகும். பொது முன்னோர் எத்தனை வழியில் வருகின்றனரோ அத்தனை முறை தடை எண்ணப்பட்டது.

அக்காள் மகளை மணந்த பதிவு இன்னும் நேரடியானது. முதற்படியைத் தொடும் இரண்டாம் படி என்று அது குறிக்கப்படும். தாய்மாமன் மணமகன் என்றால், அவருடைய பெற்றோரே மணமகளின் தாய்வழித் தாத்தா பாட்டி. அவர்கள் பெயரும் அதே பதிவில் இருக்கிறது. ஒரே பதிவு மூன்று தலைமுறையை இணைத்துவிடுகிறது.

மண உறவுத் தடையும் இதுபோலவே பயன்படும். மனைவி இறந்தபின் கொழுந்தியாளை மணப்பவருக்கு முதற்படி மண உறவு விதிவிலக்கு வேண்டியிருந்தது. அந்தக் குறிப்பு முதல் மனைவியும் இரண்டாம் மனைவியும் உடன்பிறந்தோர் என்று சொல்கிறது. முதல் திருமணத்தின் பதிவு அழிந்துபோன இடத்தில், அந்தப் பெண்ணின் பிறந்தகத்தை இந்த ஒரு வரி மீட்டுத் தருகிறது. பொதுவாக வம்சாவளிகளிலிருந்து முதலில் உதிர்வது பெண்களின் பெயரே. தடை பற்றிய குறிப்புகள் தாய்வழியை விடாமல் பிடித்துவைத்திருக்கின்றன. திருமண ஏட்டை முதன்மையாகக் கொள்ள வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

6. குறிப்பு இல்லாமையின் பொருள்

விதிவிலக்குக் குறிப்பு இருந்தால் உறவு உண்டு. குறிப்பு இல்லையென்றால் உறவு இல்லை என்று முடிவுகட்டலாமா? கூடாது. காரணங்கள் மூன்று.

முதலாவது, சட்டமே மாறியது. 1918இல் நடைமுறைக்கு வந்த 1917ஆம் ஆண்டுத் தொகுப்பு தடையை மூன்றாம் படியோடு நிறுத்தியது. அதன்பின் நான்காம் படி உறவினரின் திருமணத்தில் எந்தக் குறிப்பும் இருக்காது. 1983ஆம் ஆண்டுத் தொகுப்பு இன்னும் சுருக்கியது. படியை எண்ணும் முறையையும் அது மாற்றியது. இரு பக்கத் தலைமுறைகளையும் கூட்டி எண்ணும் புதிய கணக்கில், பழைய இரண்டாம் படியான மாமன் மகள், அத்தை மகள் உறவு நான்காம் படி ஆனது. அக்காள் மகள் மூன்றாம் படி. 1950இல் எழுதிய மூன்றாம் படியும் 1990இல் எழுதிய மூன்றாம் படியும் ஒரே உறவல்ல. ஏட்டின் ஆண்டைப் பார்க்காமல் படியைப் படிப்பவர், ஒரு தாய்மாமனைத் தூரத்து உறவினராக்கிவிடுவார். கொழுந்தியாளை மணப்பதற்கான தடையும் 1983இல் நீங்கியது.

இரண்டாவது, விசாரணையின் தரம் ஊருக்கு ஊர் வேறு. பல ஊர்களைச் சுற்றிவந்த குரு, உறவு விவரத்துக்கு உபதேசியாரையும் ஊர்ப் பெரியவர்களையும் நம்பியிருந்தார். ஓலை வாசித்தபோது எவரும் எழுந்து சொல்லாவிட்டால் தூரத்து உறவு வெளிவராது. மணம் தள்ளிப்போகுமோ என்ற அச்சத்தில் மறைத்தவர்களும் இருந்திருக்க வேண்டும்.

மூன்றாவது, சில ஏடுகள் மூல ஏடுகள் அல்ல. நைந்துபோன பழைய புத்தகத்தைப் பார்த்துப் பின்னால் எழுதிய நகல்கள் அவை. நகலெடுத்தவர் பெயரையும் தேதியையும் காத்து, ஓரக் குறிப்பை விட்டிருக்கலாம். ஒரே கையெழுத்தும் ஒரே மையும் பல ஆண்டுகளின் பதிவுகளில் மாறாமல் வந்தால் அது நகல் என்று ஐயுற வேண்டும்.

ஆக, குறிப்பு இருப்பது வலுவான சான்று. இல்லாதது எதற்கும் சான்றன்று.

7. எந்த ஏட்டில் தேடுவது

தந்தைவழி ஊரின் ஏட்டிலேயே தாத்தாவின் திருமணத்தைத் தேடிக் களைத்துப்போகிறவர்கள் பலர். 1907ஆம் ஆண்டின் ‘நே தேமெரே’ என்ற திருச்சபை ஆணையும் 1917ஆம் ஆண்டுத் தொகுப்பும், தக்க காரணம் இல்லாவிட்டால் மணமகளின் பங்கில் திருமணம் நடக்க வேண்டும் என்றன. நடைமுறையில் ஊர் வழக்கம் வேறாக இருந்த இடங்களும் உண்டு. இருந்தாலும், தந்தை ஊரில் கிடைக்காத பதிவைப் பாட்டியின் பிறந்த ஊரில் தேடுவதே அடுத்த முறையான நடவடிக்கை.

1908 ஈஸ்டரில் நடைமுறைக்கு வந்த அதே ஆணை இன்னொரு உதவியும் செய்தது. திருமணம் நடந்த செய்தியை மணமக்கள் ஞானஸ்நானம் பெற்ற பங்குக்குத் தெரிவித்து, அங்குள்ள ஞானஸ்நானப் பதிவின் ஓரத்தில் குறிக்க வேண்டும் என்றது. அதற்குப் பிந்திய தலைமுறைகளில், ஞானஸ்நானப் பதிவின் ஓரக் குறிப்பிலிருந்தே திருமணம் நடந்த ஊரைக் கண்டடையலாம். இரு ஏடுகளுக்கும் இடையே திருச்சபையே போட்டுத்தந்த பாலம் அது.

19ஆம் நூற்றாண்டுக்குப் போகும்போது இன்னொரு தடை வருகிறது. இங்குள்ள திருச்சபைமீது போர்த்துகல் அரசுக்கு இருந்த ஞானாதிக்கம் என்ற அதிகாரத்தை ரோம் 1838இல் சுருக்கியது. கோவா சார்ந்த குருக்கள் அதை ஏற்கவில்லை. அதே ஆண்டில் பிரெஞ்சு இயேசு சபையார் மதுரை மிஷனைப் புதுப்பித்தனர். இதனால் பல ஊர்களில் இரு தரப்புக் குருக்களும் அதிகாரம் கோரினர். பங்கு மக்களும் பிரிந்தனர். ரோமும் போர்த்துகலும் செய்த 1886ஆம் ஆண்டு உடன்படிக்கைக்குப் பின்னும் சில பங்குகள் அண்டை மறைமாவட்டத்தின் எல்லைக்குள் ஞானாதிக்கத்தின் கீழ் நீடித்தன. அண்ணன் திருமணம் ஒரு தரப்பின் ஏட்டிலும் தம்பி திருமணம் மறு தரப்பின் ஏட்டிலும் இருக்க வாய்ப்புண்டு. திருச்சி மறைமாவட்டத்திலிருந்து 1923இல் தூத்துக்குடி பிரிந்தது போன்ற பிந்தைய மாற்றங்களும் ஏடுகள் இருக்கும் இடத்தை மாற்றியிருக்கலாம். இன்றைய எல்லையை வைத்துத் தேடாமல், பதிவு எழுதிய ஆண்டில் அந்த ஊர் எவர் அதிகாரத்தில் இருந்தது என்று முதலில் கண்டறிய வேண்டும்.

8. சான்றின் எடை

மேற்கண்டவற்றிலிருந்து ஒரு தரவரிசையை முன்வைக்கிறேன். ஒரே பதிவில் உள்ள பெயர்ப் பொருத்தம் மட்டும் இருந்தால் அதை ஊகம் என்றே எழுத வேண்டும். பெயரோடு ஊரும் தலைமுறை இடைவெளியும் சாட்சிகளின் பெயரும் பொருந்தினால் வாய்ப்புள்ள உறவு. விதிவிலக்குக் குறிப்போ ஞானஸ்நான ஓரக் குறிப்போ தனியாக உறுதிசெய்தால் நிறுவப்பட்ட உறவு. வம்ச மரம் வரைவோர் ஒவ்வொரு கோட்டின் அருகிலும் இந்தத் தரத்தை எழுத வேண்டும். எல்லாக் கோடுகளையும் ஒரே மையில் வரையும் மரம் வாசகரைத் தவறான வழியில் நடத்துகிறது.

இது வெறும் முறைமைச் சச்சரவு அல்ல. முன்னோர் யார் என்ற கேள்விக்குச் சட்டப் பயன் உண்டு. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி கிறித்தவர்கள் பட்டியல் சாதியினராக ஏற்கப்படுவதில்லை. மதம் மாறிய குடும்பத்தவர் மறுபடி இந்துவானால் சாதித் தகுதி கோர முடியுமா என்ற வழக்கில், முன்னோரின் சாதி குறித்த தெளிவான சான்றையும் ஒரு நிபந்தனையாக 2015இல் உச்ச நீதிமன்றம் வைத்தது. பங்கு ஏட்டின் ஒரு வரி ஒருவரின் உரிமையைத் தீர்மானிக்கக்கூடும். அந்த வரி ஊகமா நிறுவப்பட்ட உறவா என்று பிரித்துச் சொல்வது ஆய்வாளரின் அறக்கடமை.

இன்னொரு கடமையும் இருக்கிறது. சாதி, தகப்பன் பெயர் எழுதப்படாத பிறப்பு, ஒழுங்குபடுத்தப்பட்ட மணம் ஆகியவை வெளிப்பட்டால் இன்று வாழ்வோரைக் காயப்படுத்தும். தம் நேர்வழி முன்னோரின் பதிவைக் கேட்பதற்கும், ஊரார் ஏட்டைப் படம்பிடித்துப் பரப்புவதற்கும் உள்ள வேறுபாட்டைத் தேடுவோர் மறக்கக் கூடாது.

9. முடிவு

திருமணப் பதிவேடு மூதாதையர் பட்டியல் அல்ல என்பதை ஏற்றுக்கொண்டால்தான் அதிலிருந்து மூதாதையரைப் பெற முடியும். அது செல்லுபடியாகும் மணத்துக்கான சான்று. அந்தச் செல்லுபடிக்கு உறவுமுறை இடையூறானபோது எழுதப்பட்டதே நமக்கு உதவுகிறது. ஐரோப்பிய ஊர்களில் குடும்பப் பெயர் செய்யும் வேலையைத் தமிழக ஏடுகளில் விதிவிலக்குக் குறிப்பு செய்கிறது. அதைப் படிக்கத் திருச்சபைச் சட்டத்தின் ஆண்டுகளும் தெரிந்திருக்க வேண்டும். மாமன், அத்தை, கொழுந்தியாள் என்ற முறைகளும் தெரிந்திருக்க வேண்டும்.

பழைய ஏடுகளைக் கவனமாகப் பாதுகாக்க வேண்டும் என்று 1983ஆம் ஆண்டுத் தொகுப்பே பங்குகளுக்கு விதித்திருக்கிறது. அந்தப் பாதுகாப்பு ஏடுகளோடு நின்றுவிடக் கூடாது. விதிவிலக்கு கேட்டு ஆயரகத்துக்கு எழுதிய விண்ணப்பங்களும், திருமணத்துக்கு முந்தைய விசாரணைத் தாள்களும் பழைய காகிதம் என்று ஒதுக்கப்படும் நிலை மாற வேண்டும். படி எது என்று மட்டும் ஏடு சொல்லும். எந்த முன்னோர் வழியே அந்த உறவு வருகிறது என்று விளக்கத்தக்கவை அந்தத் தாள்களே. மின்படியாக்கத்தைத் தொடங்கும் மறைமாவட்டங்கள் திருமண ஏட்டையும் அதற்குரிய விதிவிலக்குத் தாள்களையும் ஒரே தொகுப்பாக எடுத்து, நேர்வழிச் சந்ததியினருக்குப் பொறுப்போடு திறந்துவைக்க வேண்டும். தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்களின் வரலாற்றை, பெண்வழியையும் சேர்த்து, சான்றோடு எழுதுவதற்கு அதுவே முதல் தேவை.